பானெட்டுக்குள் இடம் இழந்த எஞ்சின்கள்

1954 ஜூலை 4 அன்று பிரான்சின் ரீம்ஸ் பந்தயப் பாதையில் மெர்சிடிஸ் பென்ஸின் டபிள்யூ 196 கார் முதன்முறையாக ஓடியது. ஹுவான் மானுவல் ஃபான்ஜியோ முதலிடம், கார்ல் கிளிங் இரண்டாமிடம். அந்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் உலகச் சாம்பியன் பட்டம் ஃபான்ஜியோவிடமே இருந்தது. அந்தக் காரின் எஞ்சினில் எட்டு சிலிண்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வரிசையில் நின்றன.

அதே 1954-இல்தான் அமெரிக்காவின் பாண்டியாக், பேக்கார்ட் நிறுவனங்கள் தங்கள் நேர்வரிசை எட்டு சிலிண்டர் எஞ்சின்களுக்கு முடிவு கட்டின. 1955 மாடல்களில் அவற்றின் இடத்தில், நான்கு நான்கு சிலிண்டர்கள் வி வடிவில் இரண்டு வரிசையாக நிற்கும் வி-8 வந்து உட்கார்ந்தது. பியூக் அதற்கு ஓராண்டு முன்னதாகவே நிறுத்தியிருந்தது. பந்தயத்தில் யாராலும் பிடிக்க முடியாமல் ஓடிய ஓர் அமைப்பு, அதே ஆண்டில் விற்பனைக் கார்களிலிருந்து விடைபெற்றது.

ஓர் எஞ்சின் அமைப்பு வழக்கொழிந்தால், அதைவிடச் சிறந்த எஞ்சின் வந்துவிட்டது என்று நாம் எளிதாக முடிவு கட்டிவிடுகிறோம். வரலாற்றைப் பிரித்துப் பார்த்தால் அந்த முடிவு பெரும்பாலும் நிற்பதில்லை. பெட்ரோலின் தரம், பானெட்டின் நீளம், தொழிற்சாலையில் ஏற்கெனவே நிற்கும் இயந்திரங்கள், அரசின் வரி விதி, புகைக்கான சட்டம் ஆகியவைதான் பெரும்பாலான தீர்ப்புகளை எழுதியிருக்கின்றன. இவற்றில் ஒன்று மாறும்போது எஞ்சின் விழுகிறது. மறுபடியும் மாறினால் விழுந்தது எழுந்தும் வருகிறது. நேர்வரிசை எட்டு, நேர்வரிசை ஆறு என்ற இரண்டு அமைப்புகளின் கதையை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் இது துலக்கமாகத் தெரியும். முதலாவது போனது போனதுதான். இரண்டாவது இருபது ஆண்டுகளில் திரும்பி வந்துவிட்டது.

முதலில் எஞ்சினுக்குள் நடப்பதைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். நாமக்கல் பக்கம் கனரக லாரி எஞ்சினைப் பிரித்துப் போட்டிருக்கும் பட்டறைக்குப் போனால், ஆறு சிலிண்டர் கிராங்க் ஷாஃப்ட் ஒன்று பெஞ்சின் மேல் கிடப்பதைப் பார்க்கலாம். கனெக்டிங் ராடுகள் பிடித்துக்கொள்ளும் ஆறு பின்கள் அதில் இருக்கும். முன்கோடியில் உள்ள முதல் பின்னும் பின்கோடியில் உள்ள ஆறாவது பின்னும் ஒரே திசையில் நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டும் ஐந்தும் ஒரு ஜோடி, மூன்றும் நான்கும் ஒரு ஜோடி. ஜோடிக்கு ஜோடி 120 டிகிரி இடைவெளி. ஷாஃப்டின் நட்டநடுவில் ஒரு கோடு கிழித்தால், முன்பாதி பின்பாதியின் கண்ணாடிப் பிம்பம். பிஸ்டன்கள் மேலும் கீழும் ஓடும்போது எழும் விசைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மிச்சமில்லாமல் போய்விடுகின்றன. முன்பாதி எஞ்சினை ஒரு பக்கம் சாய்க்கப் பார்த்தால் பின்பாதி அதே அளவுக்கு மறுபக்கம் சாய்க்கிறது. கூடுதல் எடையோ துணை ஷாஃப்டோ எதுவும் தேவையில்லை.

நான்கு சிலிண்டரில் இப்படி நடக்காது. கனெக்டிங் ராட் சாய்ந்து இயங்குவதால், கிராங்க் தன் சுற்றின் மேல்பாதியைக் கடக்கும்போது பிஸ்டன் ஓடும் தூரம் கீழ்ப்பாதியில் ஓடும் தூரத்தைவிட அதிகம். ஆகவே மேலே போகும் இரண்டு பிஸ்டன்களும் கீழே வரும் இரண்டும் சரிக்குச் சரி கழிந்துவிடுவதில்லை. எஞ்சின் வேகத்தைப்போல் இரண்டு மடங்கு வேகத்தில் ஓர் அதிர்வு மிஞ்சுகிறது. நேர்வரிசை ஆறுக்கும், சரியாக அமைக்கப்பட்ட நேர்வரிசை எட்டுக்கும் இந்தத் தொல்லை இல்லை. எஞ்சின் பொறியாளர்கள் இன்றுவரை இந்த அமைப்புகள்மேல் வைத்திருக்கும் காதலுக்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

ஆனால் நீளத்துக்கு ஒரு விலை உண்டு. ஒவ்வொரு சிலிண்டரிலும் எரிபொருள் வெடிக்கும்போது கிராங்கின் மேல் ஓர் அடி விழுகிறது. ஒரு முனையில் கனமான ஃப்ளைவீல் பிடித்துக்கொண்டிருக்க, மறுமுனைப் பக்கம் அடி விழுந்தால், நீண்ட கிராங்க் ஈரத்துணியைப் பிழிவதுபோல முறுக்கிக்கொண்டு திரும்பவும் அவிழும். இந்த முறுக்கதிர்வுக்கு ஒவ்வொரு ஷாஃப்டுக்கும் ஓர் இயல்பான தாளம் உண்டு. ஷாஃப்ட் நீளமாக நீளமாக அந்தத் தாளம் மந்தமாகும். எஞ்சின் ஓடும் வேகம் அந்தத் தாளத்தோடு பொருந்திவிட்டால் அதிர்வு பெருகி ஷாஃப்ட் உடைந்துபோகும். 1900-களின் தொடக்கத்தில் வந்த ஆறு சிலிண்டர் கார்கள் பலவும் இப்படித்தான் கிராங்கை முறித்துக்கொண்டன. இங்கிலாந்தின் ஃப்ரெடெரிக் லான்செஸ்டர், கிராங்கின் முன்முனையில் பொருத்தும் அதிர்வுத் தணிப்பானை உருவாக்கிக் காட்டிய பிறகே ஆறு சிலிண்டர் நம்பிக்கையாக ஓடத் தொடங்கியது. எட்டு சிலிண்டரில் இதே சிக்கல் இன்னும் தீவிரமாக இருந்தது. 1928-இல் வந்த டூசன்பர்க் மாடல் ஜே காரின் 6.9 லிட்டர் எஞ்சினில், அதிர்வை அடக்கக் கிராங்கோடு பாதரசம் அடைத்த குப்பிகளையே பொருத்தியிருந்தார்கள்.

இவ்வளவு தொல்லை இருந்தும் 1920-களில் எல்லோரும் ஏன் நேர்வரிசை எட்டை நோக்கி ஓடினார்கள்? அன்றைய வி-8 அதைவிட மோசமாக இருந்தது என்பது ஒரு பதில். காடிலாக் 1914-இலேயே வி-8 எஞ்சினைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஆனால் அதன் கிராங்க் ஒரே தளத்தில் தட்டையாக இருந்ததால் குலுங்கியது. பின்களை ஒன்றுக்கொன்று 90 டிகிரியில் இரண்டு தளங்களில் வைக்கும் கிராங்க் 1923-இல்தான் காடிலாக்கில் வந்தது. தவிர, வி வடிவ பிளாக்கை ஒரே வார்ப்பாக எடுக்கும் நுட்பம் அன்றைய வார்ப்பாலைகளுக்குக் கைவரவில்லை. தனித்தனித் துண்டுகளாக வார்த்து, கடைந்து, சேர்த்துப் பூட்ட வேண்டியிருந்தது. நேர் வரிசை என்றால் நீண்ட பெட்டி ஒன்றை வார்த்தால் போதும். இத்தாலியின் இசோட்டா ஃப்ராஸ்கீனி 1919-இல் தொடங்கிவைத்தது. 1923-இல் பேக்கார்ட் வந்தது. 1931-இல் பியூக் தன் எல்லா மாடல்களையும் நேர்வரிசை எட்டுக்கு மாற்றியது. பணக்காரர்கள் மட்டுமே வாங்கிய எஞ்சின் ஒரு பத்தாண்டில் நடுத்தர அமெரிக்கக் குடும்பத்தின் காருக்கு வந்து சேர்ந்தது.

அந்தக் காலத்தில் நீளம் ஒரு குறையாகவே கருதப்படவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். காரின் முன்பக்கம் எவ்வளவு நீண்டிருக்கிறதோ அவ்வளவு மதிப்பு. புகாட்டியின் ராயல் காரில் 12.7 லிட்டர் நேர்வரிசை எட்டு இருந்தது. அதன் பானெட்டைப் பார்த்தவர்களுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று விளக்க வேண்டியதே இல்லை. மொத்தம் ஆறு கார்கள்தான் செய்தார்கள்.

பெட்ரோலும் இந்த அமைப்புக்குச் சாதகமாக இருந்தது. 1920-களின் பெட்ரோல் தரம் குறைந்தது. சிலிண்டருக்குள் கலவையை அதிகமாக அழுத்தினால் அது தானாகவே வெடித்து எஞ்சின் தட்டும். அதனால் அழுத்த விகிதத்தைக் குறைவாக வைத்து, சக்தி வேண்டுமென்றால் கொள்ளளவைக் கூட்டினார்கள். குறைந்த அழுத்தம், குறைந்த சுழற்சி வேகம் என்பதால் நீண்ட கிராங்கின் மேல் விழும் அடியும் தாங்கக்கூடியதாக இருந்தது.

இந்தச் சமன்பாட்டை உடைத்ததில் முதன்மையானவர் ஜெனரல் மோட்டார்ஸின் ஆய்வுப் பிரிவுத் தலைவர் சார்லஸ் கெட்டரிங். 1912 காடிலாக்கில் எலெக்ட்ரிக் செல்ஃப் ஸ்டார்ட்டரைக் கொண்டுவந்தவர் அவர்தான். அவருடைய ஆய்வுக்கூடத்தில்தான் 1920-களின் தொடக்கத்தில் பெட்ரோலில் ஈயச் சேர்மத்தைக் கலந்து தட்டுவதைத் தடுக்கும் முறை கண்டறியப்பட்டது. அந்த ஈயம் உலகெங்கும் குழந்தைகளின் இரத்தத்தில் போய்ச் சேர்ந்தது. இந்தியா முழுவதும் ஈயமற்ற பெட்ரோலுக்கு மாற 2000-ஆம் ஆண்டாயிற்று. எஞ்சின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்தக் கணக்கை விட்டுவிடக் கூடாது என்று நினைக்கிறேன். தட்டாத பெட்ரோலால் எஞ்சின் அடைந்த லாபத்துக்கான விலையைக் காரே வாங்காதவர்களும் கொடுத்தார்கள்.

பெட்ரோலின் தரம் உயர்ந்ததும் அழுத்த விகிதத்தை ஏற்ற வழி பிறந்தது. 1949 மாடல்களாக ஓல்ட்ஸ்மொபைலும் காடிலாக்கும் மேல்வால்வ் வி-8 எஞ்சின்களை இறக்கின. இரண்டிலும் அழுத்த விகிதம் 7-க்கு மேல். பெட்ரோல் இன்னும் தேறினால் மேலும் ஏற்றிக்கொள்ள இடம் வைத்தே அவற்றை வடிவமைத்திருந்தார்கள். காடிலாக்கின் பழைய வி-8 5.7 லிட்டரில் 150 குதிரைத்திறன் தந்தது. புதியது 5.4 லிட்டரில் 160 தந்தது, எடையும் குறைவு. வி-8-இன் கிராங்க் குட்டையானது. ஒரு பின்னில் எதிரெதிர்ப் பக்கத்துச் சிலிண்டர்களின் இரண்டு கனெக்டிங் ராடுகள் உட்காரும் என்பதால் எட்டு சிலிண்டருக்கு நான்கு பின், ஐந்து பேரிங் போதும். குட்டையானது விறைப்பாக நிற்கும். உயர் அழுத்தத்தில் ஓங்கி விழும் அடியை அது தாங்கியது. நேர்வரிசை எட்டின் கிராங்கால் முடியவில்லை.

நீளம் இன்னொரு வகையிலும் காலை வாரியது. அன்று எரிபொருளைக் கலந்து தந்தது நடுவில் நிற்கும் கார்பரேட்டர். அங்கிருந்து நடுச் சிலிண்டர்களுக்குக் கலவை போகும் வழி குறுகியது, கடைக்கோடிச் சிலிண்டர்களுக்கு நீண்டது. குளிர்காலத்தில் நீண்ட குழாயின் சுவரில் பெட்ரோல் திவலையாகப் படிந்துவிடும். ஒரே எஞ்சினுக்குள் சில சிலிண்டர்களுக்கு அளவுக்கு மீறிக் கிடைக்க, மற்றவை பட்டினி கிடந்தன. வி-8-இல் கார்பரேட்டர் இரண்டு வரிசைகளுக்கும் நடுவே உட்காருவதால் எல்லாச் சிலிண்டரும் ஏறத்தாழ சம தூரம்.

வார்ப்பாலையின் தடையும் அதற்குள் நீங்கியிருந்தது. ஃபோர்டு 1932-இலேயே வி-8 பிளாக்கை ஒரே வார்ப்பாக எடுத்து, சாமானியரின் காரில் வைத்து விற்றுக் காட்டிவிட்டது. ஆக, 1920-களில் நேர்வரிசை எட்டைத் தூக்கிப்பிடித்த காரணங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுவிட்டன. போருக்குப் பிந்தைய கார்களின் முன்பக்கம் அகலமாகவும் தாழ்வாகவும் மாறியது. நீளமும் உயரமுமான எஞ்சின் அதற்குள் பொருந்தவில்லை.

பொறியியல் தீர்வு இல்லாமலா போனது? இருந்தது. 1931-இல் ஆல்ஃபா ரோமியோவின் விட்டோரியோ யானோ, தன் எட்டு சிலிண்டர் எஞ்சினை இரண்டு நான்குகளாகப் பிரித்து, கேம் ஷாஃப்டுகளை ஓட்டும் பற்சக்கரங்களை நடுவில் வைத்தார். மெர்சிடிஸ் டபிள்யூ 196-இல் சக்தியையே கிராங்கின் நடுவிலிருந்து எடுத்தார்கள். நடுவில் பிடித்துவிட்டால் முறுக்கிக்கொள்ளும் நீளம் பாதியாகிவிடுகிறது. எஞ்சினையும் ஒரு பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்து பானெட்டைத் தாழ்த்தினார்கள். பந்தய அணியால் இதற்குச் செலவு செய்ய முடிந்தது. ஆண்டுக்குப் பல லட்சம் கார் விற்கும் பாண்டியாக்கால் முடியாது; அதற்கு அவசியமும் இல்லை, வி-8 கையில் இருந்தது. அதற்குப் பின் நேர்வரிசை எட்டு விலை பார்க்காதவர்களிடம் கொஞ்ச காலம் தங்கியது. அரச குடும்பங்களுக்கும் நாட்டுத் தலைவர்களுக்கும் மட்டுமே விற்ற ரோல்ஸ் ராய்ஸ் ஃபேன்டம் 4 காரில் அது 1956 வரை இருந்தது. மொத்தம் 18 கார்கள். பிரிட்டிஷ் ராணுவத்தின் சாரசென், சலாடின் கவச வண்டிகளிலும் ரோல்ஸ் ராய்ஸின் எட்டு சிலிண்டர் ஓடியது.

நேர்வரிசை ஆறு இந்த அலையில் அடித்துச் செல்லப்படவில்லை. இரண்டு சிலிண்டர் குறைவு, கிராங்க் குட்டை, உயர் அழுத்தம் அதற்குப் பெரிய சிக்கல் இல்லை. ஜாகுவார் 1948-இல் அறிமுகம் செய்த எக்ஸ்கே ஆறு சிலிண்டர், டெய்ம்லர் லிமோசின் வழியாக 1992 வரை உற்பத்தியில் இருந்தது. ஆறுக்கு ஆபத்து வந்தது வேறு திசையிலிருந்து. எஞ்சினைக் குறுக்கே திருப்பி வைக்கலாம் என்று ஒருவர் முடிவு செய்ததிலிருந்து அது தொடங்குகிறது.

1959-இல் அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்த மினி மூன்று மீட்டர் சொச்சம் நீளம்தான். அதற்குள் நான்கு பேர் உட்கார வேண்டும். அவர் எஞ்சினைப் பக்கவாட்டில் திருப்பி, கியர் பாக்ஸை அதன் அடியில் எண்ணெய்த் தொட்டிக்குள்ளேயே வைத்து, முன்சக்கரங்களை ஓட்டினார். இத்தாலியில் ஃபியட்டின் டான்டே ஜகோசா அதைத் திருத்தினார். கியர் பாக்ஸை எஞ்சினின் ஓரத்தில் ஒட்டவைத்து, இரு சக்கரங்களுக்கும் நீளம் வேறுபட்ட ஆக்சில்களைக் கொடுத்தார். 1964-இல் ஆட்டோபியாங்கி ப்ரிமுலாவில் சோதித்துப் பார்த்து, 1969-இல் ஃபியட் 128-இல் கொண்டுவந்தார். இன்று நம் தெருவில் நிற்கும் சிறு கார்களில் பெரும்பாலானவை அந்த ஏற்பாட்டின் வழித்தோன்றல்கள். மாருதி 800-உம் அப்படித்தான்.

குறுக்கே வைக்கும்போது எஞ்சினின் நீளமும் கியர் பாக்ஸின் நீளமும் காரின் அகலத்துக்குள் அடங்க வேண்டும். முன்சக்கரங்கள் திரும்புவதற்கான இடத்தையும் அதில் கழிக்க வேண்டும். நான்கு சிலிண்டர் அடங்கும், ஆறு அடங்காது. அடக்கிப் பார்த்தவர்களும் உண்டு. 1972-இல் ஆஸ்டின் 2200 காரில், சிலிண்டர்களுக்கிடையே தண்ணீர் ஓடும் இடைவெளியைக்கூட விடாமல் ஒட்டி வார்த்து, ஆறு சிலிண்டரைக் குறுக்கே வைத்தார்கள். 1998-இல் வால்வோ எஸ் 80-இல் அதையே மறுபடி செய்தது. கியர் பாக்ஸை அசாதாரணமாக ஒடுக்க வேண்டியிருந்தது. திறமையான வேலைதான். ஆனால் மற்றவர்கள் பெரும்பாலும் அந்த வழியில் போகவில்லை. வி-6 இருக்கும்போது அவர்களுக்கு அந்தச் சிரமம் தேவைப்படவில்லை.

வி-6-இன் கதையில் தொழிற்சாலை இயந்திரங்களின் பங்கு பெரிது. 1950-இல் லான்சியா ஆரேலியாவில் வந்ததுதான் தொடர் உற்பத்திக்கு வந்த முதல் வி-6. அதில் இரண்டு வரிசைகளுக்கு இடையே 60 டிகிரி, அந்த அமைப்புக்கு இயல்பான கோணம். அமெரிக்காவில் பியூக் 1962 மாடலுக்கு ஒரு வி-6 செய்தபோது 90 டிகிரி வைத்தது. வி-6-க்கு 90 பொருந்தாத கோணம். வெடிப்புகள் ஒரே இடைவெளியில் விழாமல் முன்னும் பின்னுமாக விழுந்து எஞ்சின் குலுங்கும். பொறியாளர்களுக்கு இது தெரியாமல் இல்லை. பியூக்கிடம் 90 டிகிரி வி-8 ஒன்றைக் கடைவதற்கான இயந்திர வரிசை ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தது. அதே இயந்திரங்களில் இரண்டு சிலிண்டரைக் குறைத்து ஓட்டினால் புது எஞ்சின் மலிவாகக் கிடைக்கும். பியூக் அதைத்தான் செய்தது.

அந்த வி-6 அமெரிக்கர்களுக்குப் பெரிதாகத் தேவைப்படவில்லை. பெட்ரோல் மலிவு, வி-8 இருக்கிறது. 1967-இல் பியூக் அந்த இயந்திரங்களை மொத்தமாக ஜீப் தயாரித்த கைசர் நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. 1970-இல் ஜீப் அமெரிக்கன் மோட்டார்ஸ் கைக்குப் போனது. அவர்களிடம் சொந்தமாக நல்ல நேர்வரிசை ஆறு இருந்ததால் வி-6-ஐ நிறுத்திவிட்டார்கள். 1973-இல் எண்ணெய் நெருக்கடி. ஜெனரல் மோட்டார்ஸுக்கு உடனடியாக ஒரு சிக்கனமான எஞ்சின் வேண்டும். புதிதாக வடிவமைக்க ஆண்டுகள் ஆகும். தாங்கள் விற்ற இயந்திரங்களை 1974-இல் திரும்ப வாங்கி, அதே ஆண்டில் பியூக் உற்பத்தியைத் தொடங்கிவிட்டது. 1977-இல் ஒவ்வொரு பின்னையும் இரண்டாகப் பிளந்து 30 டிகிரி விலக்கி வைத்து வெடிப்பைச் சீராக்கினார்கள். அந்தக் குடும்பத்து எஞ்சின்கள் 2008 வரை கார்களில் ஓடின. கோணம் தவறான ஓர் எஞ்சின் நாற்பது ஆண்டுக்கு மேல் வாழ்ந்ததற்கு, அதைக் கடையும் இயந்திரங்கள் அழியாமல் இருந்ததே முதல் காரணம். எஞ்சின் வரலாற்றில் எனக்கு மிகவும் பாடம் சொன்ன நிகழ்ச்சி இதுதான்.

1979-இல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் முன்சக்கர இழுவைக் கார்களுக்காக 2.8 லிட்டர் 60 டிகிரி வி-6 ஒன்றைக் குறுக்கே வைத்தது. அங்கிருந்து ஒன்றன்பின் ஒன்றாக எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். நேர்வரிசை ஆறு வைத்திருந்த நிசான் வி-6-க்குப் போனது, ஓப்பல் போனது. ஒரே எஞ்சினை முன்சக்கர இழுவைக் காரிலும் பின்சக்கர இழுவைக் காரிலும் போட முடிவது பெரிய சேமிப்பு.

குறுக்கு அமைப்பு வி-6-ஐ வளர்த்தது என்றால், வி-4-ஐ அதுவே அழித்தது. ஃபோர்டு ஜெர்மனியில் 1962-இல் டவுனஸ் காருக்கு வி-4 செய்தது. அந்தக் காரில் எஞ்சின் முன் ஆக்சிலுக்கு முன்னால் நீளவாக்கில் நின்றது, ஆகவே குட்டையாக இருந்தாக வேண்டும். ஸ்வீடனின் சாப் 96 கார் மூன்று சிலிண்டர் டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்காக வரையப்பட்ட சிறு மூக்கு கொண்டது. டூ ஸ்ட்ரோக்கைக் கைவிட்ட சாப், 1967-இல் அதே ஃபோர்டு வி-4-ஐ அதற்குள் நுழைத்து 1980 வரை ஓட்டியது. நான்கே சிலிண்டருக்கு இரண்டு ஹெட், இரண்டு எக்ஸாஸ்ட், அதிர்வை அடக்க ஒரு துணை ஷாஃப்ட் என்று செலவு கூடிய எஞ்சின் அது. நேர்வரிசை நான்கைக் குறுக்கே வைக்கலாம் என்றானதும் வி-4-க்குக் கார்களில் வேலை இல்லாமல் போனது.

மெர்சிடிஸ் தன் பெட்ரோல் கார்களில் நேர்வரிசை ஆறை விடத் தொடங்கியது 1997-இல். அவர்கள் கார் பின்சக்கர இழுவைதான், எஞ்சின் நீளவாக்கில்தான் நின்றது. ஆனாலும் விட்டார்கள். நேருக்கு நேர் மோதும்போது முன்பக்கத் தகடுகள் நொறுங்கி விசையை வாங்கிக்கொள்ள இடம் வேண்டும். நீண்ட இரும்புக்கட்டி ஒன்று அந்த இடத்தை அடைத்துக்கொண்டிருந்தால், மோதல் அதைப் பயணிகளின் காலடி நோக்கித் தள்ளும். இது ஒரு காரணம். இன்னொரு காரணம், புது வி-6-உம் புது வி-8-உம் ஒரே 90 டிகிரிக் குடும்பம், பாட் கான்ஸ்டாட் ஆலையில் ஒன்றாகவே செய்யலாம். பியூக் செய்த அதே கணக்கு. அதிர்வைத் தணிக்க மெர்சிடிஸ் வி-6-க்குள் ஒரு துணை ஷாஃப்டை வைத்தது. நேர்வரிசை ஆறில் இயற்கையாகக் கிடைத்த அமைதியைப் பணம் கொடுத்து வாங்கினார்கள். பிஎம்டபிள்யூ மட்டும் விடவில்லை. பின்சக்கர இழுவையில் உறுதியாக இருந்து, எஞ்சினை முன் ஆக்சிலுக்குப் பின்னால் தள்ளி வைத்து, 1933-இல் தொடங்கிய தன் ஆறு சிலிண்டர் மரபைத் தொடர்ந்தது.

அரசின் வரி விதி எஞ்சினின் வடிவத்தை வரைந்த கதையும் இதோடு சேர்ந்தது. பிரிட்டனில் 1921 முதல் காரின் சாலை வரி, சிலிண்டரின் விட்டத்தையும் எண்ணிக்கையையும் மட்டும் கொண்டு கணக்கிட்ட ஒரு குதிரைத்திறன் எண்ணுக்கு விதிக்கப்பட்டது. பிஸ்டன் ஓடும் தூரம் கணக்கில் இல்லை. விளைவு, பிரிட்டிஷ் எஞ்சின்கள் ஒல்லியாகவும் நெட்டையாகவும் வளர்ந்தன. 1930-இல் வந்த வுல்ஸ்லி ஹார்னெட் என்ற சிறு காரில் 1271 சிசி கொள்ளளவுக்கு ஆறு சிலிண்டர். விட்டம் 57 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓட்டம் 83 மில்லிமீட்டர். ஒல்லியான சிலிண்டர்கள் என்பதால் ஆறும் ஒரு சிறிய பானெட்டுக்குள் வரிசையாக நிற்க முடிந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அந்த வரி போனது, அந்த வகை எஞ்சினும் போனது.

நம் நாட்டிலும் இது நடந்திருக்கிறது. 2006 பட்ஜெட்டில் நிதியமைச்சர் ப. சிதம்பரம் சிறு கார்களின் உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைத்தார். நான்கு மீட்டருக்குள் நீளம், பெட்ரோல் என்றால் 1200 சிசி, டீசல் என்றால் 1500 சிசிக்குள் எஞ்சின் என்பது சிறு காருக்கான வரையறை. 2025-இன் ஜி.எஸ்.டி. மாற்றத்திலும் அதே அளவுகோல் நீடிக்கிறது. பானெட்டை ஒரு சாண் நீட்டினால் வரி எகிறும் என்ற நிலையில், குறுகிய மூன்று சிலிண்டர் எஞ்சின் இங்கே செழித்ததில் வியப்பில்லை. ஒரு சிலிண்டருக்கு 400 சிசி என்பது எரிதலுக்கும் நல்ல அளவு. காரின் பின்பக்கத்தை வெட்டியதுபோல் முடிக்கும் செடான்களைச் செய்வித்ததும் இதே விதிதான்.

2016-இல் மெர்சிடிஸ் தன் புதிய நேர்வரிசை ஆறை அறிவித்தது. அடுத்த ஆண்டு எஸ் கிளாஸ் காரில் வந்தது. இருபது ஆண்டில் என்ன மாறியது?

முதலாவது புகை. கார் குளிர்ந்த நிலையில் கிளம்பும் முதல் சில வினாடிகளில்தான் நச்சுப்புகை அதிகம். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிஸ்ட் சூடேறினால்தான் வேலை செய்யும். அதை எஞ்சினோடு ஒட்டி வைத்தால் சீக்கிரம் சூடேறும். வி-6-இல் புகை இரண்டு பக்கமும் வெளியேறுவதால் எல்லாம் இரண்டிரண்டு. நேர்வரிசையில் ஒரு பக்கம் காற்று உள்ளே, மறுபக்கம் புகை வெளியே. டர்போவும் கேட்டலிஸ்டும் அந்தச் சூடான பக்கத்தில் நெருக்கமாக ஒட்டிக்கொள்ளலாம். இரண்டாவது நீளம். மெர்சிடிஸ் எஞ்சினில் 48 வோல்ட் மின்னமைப்பு வந்ததால் ஏ.சி. கம்ப்ரஸரையும் தண்ணீர்ப் பம்ப்பையும் மின்சாரத்தில் ஓட்டினார்கள். முன்முகத்தில் தொங்கிய ஃபேன் பெல்ட்டும் அதன் புல்லிகளும் போயின. சிலிண்டர் சுவருக்குத் தனி லைனர் இல்லாமல் மெல்லிய இரும்புப் பூச்சு போட்டு, சிலிண்டர்களை 90 மில்லிமீட்டர் இடைவெளியில் நெருக்கினார்கள். மோதலுக்கான இடம் திரும்பக் கிடைத்தது.

மூன்றாவது, மறுபடியும் தொழிற்சாலை. சிலிண்டருக்கு 500 சிசி என்று வைத்துக்கொண்டால் நான்கைச் சேர்த்தால் 2 லிட்டர், ஆறைச் சேர்த்தால் 3 லிட்டர். பெட்ரோலும் டீசலும் ஒரே வரிசை இயந்திரங்களில் வரும். முன்பு வி-8-இன் இயந்திரங்களில் வி-6 பிறந்ததுபோல, இப்போது நான்கின் இயந்திரங்களில் ஆறு பிறக்கிறது. டர்போ வந்ததால் வி-8 விற்பனை சுருங்கி, நான்கு சிலிண்டரே பெரும்பான்மை ஆனதன் நேரடி விளைவு இது. ஒரு ஹெட், இரண்டு கேம் ஷாஃப்ட் என்று உதிரிகளும் குறைவு. வி-6-இல் இரண்டு ஹெட், நான்கு கேம் ஷாஃப்ட். டாடாவின் ஜாகுவார் லேண்ட் ரோவர் 2019-இல் வி-6-ஐ விட்டு நேர்வரிசை ஆறுக்கு வந்தது. மாஸ்டாவும் ஸ்டெல்லான்டிஸும் 2022-இல் புதிய ஆறுகளைக் கொண்டுவந்தன. எலெக்ட்ரிக் கார் யுகம் தொடங்கிய பிறகும் இவ்வளவு முதலீடு இதில் போட்டிருக்கிறார்கள்.

நேர்வரிசை எட்டு இப்படித் திரும்பி வருமா? கப்பலில் அது போகவே இல்லை. 2006-இல் கடலிறங்கிய எம்மா மேர்ஸ்க் சரக்குக் கப்பலின் டீசல் எஞ்சினில் 14 சிலிண்டர்கள் ஒரே வரிசையில் நிற்கின்றன. அதன் உயரம் மட்டும் 13 மீட்டருக்கு மேல். அங்கே இடம் இருக்கிறது, சுழற்சி வேகம் நிமிடத்துக்கு நூறு சொச்சம்தான், ஆகவே நீளம் தடையாக இல்லை. காரில் 90 மில்லிமீட்டர் இடைவெளியில் எட்டு சிலிண்டரை நிறுத்தினால் பிளாக் மட்டும் முக்கால் மீட்டரைத் தாண்டும், கிராங்கின் முறுக்கதிர்வும் அப்படியே திரும்பும். டர்போ வைத்த மூன்று லிட்டர் ஆறு இன்று 400 குதிரைத்திறனைத் தாண்டித் தருகிறது, அதற்கு மேல் கேட்பவர்களுக்கு வி-8 இருக்கிறது. பெட்ரோல், பானெட், தொழிற்சாலை, சட்டம் என்ற நான்கில் ஒன்றுகூட நேர்வரிசை எட்டின் பக்கம் இல்லை. அது திரும்பி வராது.